பட்டியை எடுப்பதற்கு முன்

பிளாஸ்டிக் விமான மாதிரி கட்ட வந்த பிள்ளைகள் பலர் முதல் கிட்டோடு நின்றுவிடுவது ஒரே இடத்தில்தான். இறக்கை உடலோடு சேராமல் பிளந்துகொண்டு நிற்கும். உடனே குழாயிலிருந்து இடைவெளி நிரப்பும் பட்டியைப் பிதுக்கி அப்புகிறார்கள். அது காய்ந்து சுருங்குகிறது. தேய்க்கத் தேய்க்க, சுற்றியிருக்கும் நுண்ணிய தகட்டுக் கோடுகளும் அழிந்துபோகின்றன. மனம் விட்டுப்போகிறது.

தம்பி தங்கைகளே, இடைவெளி தெரிவது ஓரிடம், பிழை இருப்பது பெரும்பாலும் வேறிடம். அந்த வேறிடத்தைத் தேடக் கற்றுக்கொள்ளுங்கள். 1/72 அளவு ஸ்பிட்ஃபயரை வைத்தே சொல்கிறேன். 1950களில் ஏர்ஃபிக்ஸ் வெளியிட்ட முதல் விமானக் கிட் அதுதான். இன்றும் புதிதாய்த் தொடங்குபவர்கள் விரும்பி எடுக்கும் விமானம்.

1. பாகங்களைத் தாங்கி நிற்கும் சட்டத்திலிருந்து ஒரு பாகத்தை வெட்டிய இடத்தில் ஒரு சின்ன மொட்டு நிற்கும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த விளிம்பில் மெல்லிய பிசிறு இருக்கும். உட்புறத்தில், அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளிவிட்ட ஊசிகளின் வட்டத் தடங்கள் மேடாக நிற்கும். மூன்றையும் அரத்தால் சமப்படுத்துங்கள். ‘கிட் சரியில்லை’ என்று சொல்லப்படுவதில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

2. பசை இல்லாமல் சேர்த்துப் பாருங்கள். உடலின் இரு பாதிகளை மாஸ்கிங் டேப்பால் கட்டி, இறக்கையைப் பொருத்தி, விளக்கின் எதிரே பிடியுங்கள். ஒளி கசியும் இடம் இடைவெளி. அரை மில்லிமீட்டர்தானே என்று விடாதீர்கள். 1/72 கணக்கில் அது நிஜ விமானத்தில் 36 மில்லிமீட்டர், விரல் நுழையும் ஓட்டை. காக்பிட்டையும் உள்ளே வைத்து ஒருமுறை, வைக்காமல் ஒருமுறை பார்க்க வேண்டும். ஏன் என்பது அடுத்ததில்.

3. உள்ளே எது இடிக்கிறது என்று தேடுங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். ஸ்பிட்ஃபயர் கிட்களில் பெரும்பாலும் கீழ் இறக்கை ஒரே துண்டாக இருக்கும், மேல் இறக்கைகள் இரண்டு. கீழ்த்துண்டின் பின்விளிம்பு விமானத்தின் வயிற்றில் வந்து சேரும்போது அங்கே ஒரு படி விழும். வயிற்றைத் தேய்த்துப் படியை மறைக்கத் தோன்றும்; செய்யாதீர்கள். காக்பிட்டின் தரையோ சக்கரக் குழியின் கூரையோ உள்ளே முட்டி, இறக்கையை மேலே ஏறவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கும். சந்தேகப்படும் பாகத்தின் மேல் லேசாக உதட்டுச்சாயம் தடவி, இறக்கையை அழுத்தி எடுங்கள். சிவப்பு எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் முட்டுகிறது. அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் சீவி, மறுபடி பொருத்திப் பாருங்கள். வெளியில் யார் கண்ணுக்கும் படாத பிளாஸ்டிக் அது, தாராளமாகச் சீவலாம்.

காக்பிட்டை வைத்தால் உடல் மூடவில்லை, எடுத்தால் மூடுகிறது என்றால் குற்றவாளி காக்பிட். அதன் பக்கங்களைத் தேயுங்கள். இழுத்துக் கட்டி ஒட்டினால் அந்த இழுவிசை பல மாதம் கழித்துக்கூட ஒட்டிய தையலைப் பிளக்கும்.

4. இறக்கையின் சாய்வைப் பாருங்கள். ஸ்பிட்ஃபயரின் இறக்கைகள் வேரிலிருந்து நுனிக்கு ஏறத்தாழ 6 பாகை மேல்நோக்கி எழும். மாதிரியில் அவை தட்டையாகக் கிடந்தால், மேலே உடலோடு சேரும் இடத்தில் பிளவு விழும். நுனிகளை மெல்லத் தூக்கிப் பாருங்கள். பிளவு மூடினால் வேறு மருந்து வேண்டாம். ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு முதுகின் மேலாக டேப்பை இழுத்து ஒட்டி, இரு நுனிகளும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அளந்து, அந்த நிலையில் பசை காய விடுங்கள்.

தூக்கியும் மூடவில்லையென்றால் உடல் ஒடுங்கியிருக்கிறது என்று பொருள். வெட்டி எறியும் சட்டத்திலிருந்து ஒரு துண்டை நறுக்கி, உடலுக்குள் குறுக்காக முட்டுக் கொடுங்கள். ஒரு மயிரிழை நீளம் கூடுதலாக நறுக்கி, தேய்த்துத் தேய்த்துச் சரியான அகலத்துக்குக் கொண்டுவாருங்கள்.

5. செய்முறைத் தாளின் வரிசை வேதமல்ல. மேல், கீழ் இறக்கைகளை முதலில் ஒட்டிவிட்டு, பிறகு உடலில் சேர்க்கச் சொல்லும். பிளவு பிடிவாதமாக இருந்தால், மேல் இறக்கைகளை முதலில் உடலோடு, கண்ணால் பார்த்து நெருக்கமாக ஒட்டுங்கள். அது இறுகிய பின் கீழ்த்துண்டைக் கொண்டுவாருங்கள். மிச்சமிருக்கும் பிழை இறக்கையின் முன்விளிம்புக்கோ நுனிக்கோ போய்விடும். அங்கே அரம் நன்றாகப் போகும். உடலோடு சேரும் வளைந்த மூலையில் போகாது.

6. ஒட்டும்போது மெல்லிய பிளாஸ்டிக் சிமெண்டைப் பிளவில் ஓடவிட்டு, சற்றுப் பொறுத்து அழுத்துங்கள். உருகிய பிளாஸ்டிக் ஒரு மெல்லிய வரம்பாகப் பிதுங்கி வரும். அதைத் துடைக்காதீர்கள். குறைந்தது ஒருநாள் இறுகிய பின் சீவினால், தையல் தன் பிளாஸ்டிக்காலேயே நிரம்பியிருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

7. இவ்வளவுக்குப் பிறகும் பிளவு இருந்தால்தான் நிரப்புவது. அகலமான பிளவுக்கு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைச் செருகி ஒட்டி, இறுகிய பின் சீவுங்கள். பட்டியைவிட இது எப்போதும் மேல். சுருங்காது, சுற்றியிருப்பதைப் போலவே தேயும். மயிரிழைப் பிளவுக்கு மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற திரவ நிரப்பியைத் தூரிகையால் விடலாம். சூப்பர் குளூவும் நல்லதுதான், ஆனால் அன்றே தேய்த்துவிட வேண்டும். மறுநாள் அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும்; தேய்த்தால் சுற்றியிருப்பது பள்ளமாகும், அது மேடாக நிற்கும். காற்றின் ஈரத்தால் இறுகும் பசை அது, கடலோர ஊர்களில் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். கண்ணாடிக் கூண்டின் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவி வெண்மையாகப் படியும். அங்கே தண்ணீரில் துடைக்கக்கூடிய அக்ரிலிக் பட்டியை வைத்து, ஈரப் பஞ்சால் வழித்துவிடுங்கள், தேய்க்கவே வேண்டியதில்லை.

8. வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து 400, 800, 1000 என்று போங்கள். தேய்க்கும் பரப்பைக் குறைக்க, தையலின் இருபுறமும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அழிந்த கோட்டை ஊசிமுனையால் மறுபடி கீறுங்கள். பிறகு சாம்பல்நிற பிரைமர் ஒரு பூச்சு. கண்ணுக்குத் தப்பியதெல்லாம் அதில் தெரியும். தெரிந்தால் அலுத்துக்கொள்ளாமல் அந்த இடத்தை மட்டும் திரும்பச் செய்யுங்கள்.

9. கிழக்கு ஐரோப்பாவில் சிறிய எண்ணிக்கையில் வார்க்கும் கிட்களில் பாகங்களை நிறுத்தும் முளைகளே இராது. பிளாஸ்டிக் துண்டுகளைத் தையலின் உட்புறம் நாக்குகளாக ஒட்டிக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டாம் மூன்றாம் மாதிரிக்கு அந்தக் கிட்களை வாங்காதீர்கள்.

10. எல்லாக் கோட்டையும் மூடிவிடாதீர்கள். ஐலரான், எலிவேட்டர், ரடர் ஆகியவை அசையும் உறுப்புகள். அவற்றைச் சுற்றிய பிளவு நிஜ விமானத்திலும் உண்டு. உடலின் இரு பாதிகள் சேரும் முதுகுத் தையல் நிஜத்தில் இல்லை, அதை விடக்கூடாது. விமானத்துக்கு விமானம் இது மாறும். பி-51 மஸ்டாங்கைக் கட்டும்போது இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டியிருக்கும். காற்று குலையாமல் வழுக்கிச் செல்வதற்காக, அதன் இறக்கையின் முன்பகுதியிலிருந்த ரிவெட்டுகளையும் இணைப்புகளையும் தொழிற்சாலையிலேயே பட்டி பார்த்து, தேய்த்து, வண்ணம் பூசி அனுப்பினார்கள். கிட்டில் அங்கே அழகாகக் கோடு கீறியிருந்தாலும் நிரப்பிவிடுங்கள். நீங்கள் கட்டப்போகும் விமானத்தின் பழைய புகைப்படங்கள் நாலைந்தை மேசையில் வைத்துக்கொண்டு, எதை மூடுவது எதை விடுவது என்று பென்சிலால் குறித்த பிறகு பட்டியைத் திறவுங்கள்.