உழைப்பும் சைவ உணவும் மட்டும் போதுமா?

எமது வட்டாரத்தில் அண்மையில் நடைபெற்ற கூட்டமொன்றில் விவசாயி ஒருவர் எழுந்து, "என் தமையனார் பிறவிச் சைவர், விடியல் முதல் அந்தி வரை வயலில் பாடுபட்டவர், மெலிந்த தேகம். ஆயினும் 42 வயதில் மாரடைப்பால் மாண்டார். இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுதி என்றார்கள். அஃது எவ்வாறு?" என்று வினவினார். இவ்வினா பலருக்கும் பயன்படுமாகையால், விடையை இங்கே எழுதலானேன்.

கொலஸ்டிரால் மெழுகு போன்றதொரு கொழுப்புப் பொருள். அது நஞ்சன்று, உடலுக்கு இன்றியமையாதது. தாவர உணவில் அது இல்லையென்றே சொல்லலாம். ஆனால் நம் உடலில் உள்ளதில் பெரும்பகுதியை உடலே உண்டாக்கிக் கொள்கிறது. ஈரலுக்கு அதில் முக்கியப் பங்குண்டு. ஆகவே புலால் உண்ணாதவர் இரத்தத்திலும் அது உண்டு. எல்.டி.எல். என்னும் வகை மிகுந்தால், வாய்க்காலில் வண்டல் சேர்வது போல் இரத்தக் குழாய்களில் படிந்து அடைப்பை உண்டாக்கும்.

உணவால் பயன் உண்டு. பயறு, கீரை, காய்கனி, முழுத் தானியம் ஆகியவற்றின் நார்ச்சத்து எல்.டி.எல். அளவைக் குறைக்க உதவும். சைவ உணவேயாயினும், நெய், வனஸ்பதி, பாமாயில், தேங்காய் எண்ணெய் மிகுந்தால் அது உயரும். உடலுழைப்பு, நன்மை தரும் எச்.டி.எல். வகையைச் சற்றே உயர்த்தும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்த உதவும். எனினும் எல்.டி.எல். அளவை அது சிறிதே குறைக்கும்.

மூன்றாவது காரணம் பரம்பரை. ஈரலணுக்களின் மேலுள்ள ஏற்பிகள், மதகு நீரை வாங்குவது போல், எல்.டி.எல்.லை இரத்தத்திலிருந்து வாங்கி அகற்றுகின்றன. இதனைக் கண்டறிந்த அமெரிக்க மருத்துவ அறிஞர்கள் பிரவுன், கோல்டுஸ்டைன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இந்த மதகு பிறவியிலேயே பழுதாக உள்ளது. பெற்றோரில் ஒருவருக்கு இக்குறை இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதி வாய்ப்புண்டு. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் எல்.டி.எல். 190 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின், இதனை ஐயுற வேண்டும். இத்தகையோருக்கு உணவும் உழைப்பும் மட்டும் போதா, மருந்தும் வேண்டும். ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1970களில் பூஞ்சையிலிருந்து கண்டெடுத்த பொருளின் வழிவந்த ஸ்டாட்டின் மருந்துகள், ஈரலின் உற்பத்தியைக் குறைத்து ஏற்பிகளைப் பெருக்குகின்றன. மருத்துவர் சொற்படி இவற்றை இடைவிடாது உண்ண வேண்டும்.

ஆகவே, ஆண் 55 வயதுக்குள்ளோ பெண் 60 வயதுக்குள்ளோ மாரடைப்புக்கு ஆளான குடும்பங்களை உறுப்பினர்கள் கண்டறிந்து, உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் அரசு மருத்துவரிடம் அனுப்பி, இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். இளம் பிள்ளைகளையும் விலக்க வேண்டா. வினா எழுப்பிய அன்பருக்கும் இதையே கூறினேன்: தமையனாரை மீட்க இயலாது, அவர் பிள்ளைகளையும் தங்களையும் காத்துக்கொள்ள இயலும்.