பனி நாட்டில் ஒளுவும் தொழுகையும்

செஞ்சியில் மார்கழி மாதத்து சுபுஹு நேரத்திலும் கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாகவே இருக்கும். இவ்வூர் மக்களுக்குத் தெரிந்த கஷ்டம் வெயில்தான். சித்திரை, வைகாசியில் ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவெல்லாம் கக்கிக் கொண்டிருக்கும். 1690 முதல் 1698 வரை இக்கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்த ஜுல்பிகார் கானின் படையில் வடநாட்டுச் சிப்பாய்கள் நிறைய இருந்தார்கள். ராஜா தேசிங்கின் குடும்பமும் புந்தேல்கண்டிலிருந்து வந்ததே. தேசிங்கு 1714-ல் போரில் மடிந்தபின், ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கான் எழுப்பிய பள்ளிவாசல் ராஜகிரியின் அடிவாரத்தில் இன்றும் நிற்கிறது. ஆக, வடக்கேயிருந்து வந்தவர்கள் வெயிலில் வெந்த ஊர் இது. இப்போது பயணம் எதிர்த் திசையில் நடக்கிறது. நம் பிள்ளைகள் ராணுவத்தில் சேர்ந்து லடாக்கிற்கும், படிக்க ஸ்ரீநகருக்கும், வேலைக்காக இங்கிலாந்து, கனடா, நார்வே என்றும் போகிறார்கள். மணமாகி கணவனோடு போகும் பெண்மக்களும் உண்டு.

போகிறவர்களுக்குத் தாய்மார்கள் ஊறுகாயும் பொடியும் கட்டிக் கொடுக்கிறார்கள். கம்பளியும் வாங்கிக் கொடுக்கிறார்கள். ஆனால் பனிக்காலத்தில் எப்படி ஒளுச் செய்வது, கடமையான குளிப்பு எப்படி என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இதனால் இரண்டு விதமான தீங்கு நேர்கிறது. சிலர் முதல் குளிர்காலத்திலேயே சுபுஹை விட்டுவிடுகிறார்கள். பிறகு மற்ற தொழுகைகளும் ஒவ்வொன்றாகப் போய்விடுகின்றன. வேறு சிலர் பக்தி மிகுதியால் உறைபனித் தண்ணீரில் குளித்து உடம்பைக் கெடுத்துக் கொள்கிறார்கள். இவ்விரண்டாம் வகையாரைப் பற்றித்தான் நமக்கு அதிகக் கவலை. அவர்கள் செய்வது நன்மை என்று நினைத்துச் செய்வது. எடுத்துச் சொல்லவும் யாரும் முன்வருவதில்லை.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை ஜாபிர் (ரலி) அறிவித்திருப்பது அபூதாவூதில் வருகிறது. பயணம் சென்ற ஒரு கூட்டத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலை உடைந்தது. பிறகு அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்ய அனுமதி உண்டா என்று கூட இருந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்தும் போனார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றவர்கள் அப்படிச் சொன்னவர்களே என்று கடுமையாகக் கண்டித்தார்கள்; தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா என்றும் சொன்னார்கள். மஸ்அலா சொல்லும் நம்மைப் போன்றவர்கள் இதை அடிக்கடி நினைத்துக் கொள்ள வேண்டும்.

குளிரைப் பற்றியே நேரடியான ஆதாரமும் உண்டு. ஹிஜ்ரி 8-ம் ஆண்டு தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பில் தலைவராகச் சென்ற அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் கடுங்குளிர் இரவொன்றில் குளிப்புக் கடமையாயிற்று. குளித்தால் உயிருக்கே ஆபத்து என்று அஞ்சி, தயம்மும் செய்து சுபுஹுத் தொழுகை நடத்தினார்கள். மதீனா திரும்பியதும் விசாரணை வந்தது. உங்களை நீங்களே கொன்று கொள்ளாதீர்கள் என்ற கருத்துள்ள இறைவசனத்தை அவர்கள் எடுத்துச் சொன்னதும், நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்களே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தையே இமாம்கள் அங்கீகாரமாகக் கொண்டார்கள்.

தண்ணீரைச் சுடவைக்க முடியுமா?

இந்தக் கேள்விதான் முதலில் வரவேண்டும். தயம்முமுக்கு அனுமதி கிடைப்பது, தண்ணீரைச் சூடாக்க வழியில்லாமலும் அதனால் உடலுக்குத் தீங்கு நேரும் என்ற உறுதியான அச்சத்தோடும் இருக்கும்போது. லண்டனில் குழாயைத் திருகினால் வெந்நீர் வருகிறது. அங்கே இருந்துகொண்டு, படுக்கையை விட்டு எழச் சோம்பல்பட்டு தயம்மும் செய்தால் தொழுகை கூடாது. சிரமத்தைப் பொறுத்து ஒளுவை முழுமையாகச் செய்பவருக்கு நன்மை உண்டு என்று ஹதீஸ் இருக்கிறதே, வெந்நீர் உபயோகித்தால் அது குறையாதா என்று கேட்கிறார்கள். குறையாது. சிரமம் தானாக வந்தால் பொறுப்பதற்குத்தான் நன்மை. தேடிப் போய் வரவழைப்பதற்கு அல்ல. ஷாபிஈ மத்ஹபுக் கிதாபுகளில் மிகக் குளிர்ந்த தண்ணீரில் ஒளுச் செய்வதே மக்ரூஹ் என்று எழுதியிருக்கிறார்கள். நடுங்குகிறவர் உறுப்புகளை ஒழுங்காகக் கழுவாமல் அவசரப்படுவார் என்பது காரணம். ஒளுவுக்குப் பின் ஈரத்தைத் துடைத்துக் கொள்வதிலும் இத்தகைய ஊர்களில் தயங்க வேண்டியதில்லை.

காஷ்மீர் மக்கள் இதற்கு அழகான வழி கண்டிருக்கிறார்கள். அங்குள்ள பள்ளிவாசல்கள் பலவற்றில் ‘ஹமாம்’ என்றொரு அறை உண்டு. தரை முழுவதும் கற்பலகை; அடியில் விறகுத் தீ. அதே தீயில் பெரிய செப்புப் பாத்திரத்தில் தண்ணீர் காயும். டிசம்பர் 21-ல் தொடங்கும் ‘சில்லை கலான்’ என்ற நாற்பது நாள் கடுங்குளிரில், முதியவர்கள் ஒரு தொழுகைக்கும் மறு தொழுகைக்கும் இடையே அந்தச் சூடான தரையிலேயே உட்கார்ந்து கொள்வார்கள். ஸ்ரீநகருக்குப் போகும் நம் பிள்ளை முதல் வேலையாகத் தங்குமிடத்துக்குப் பக்கத்தில் ஹமாம் உள்ள பள்ளிவாசல் எது என்று விசாரித்துக் கொள்ளட்டும்.

எல்லா இடமும் ஸ்ரீநகர் அல்ல. 2016 பிப்ரவரி 3-ல் சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் பனிச்சரிவில் சிக்கிய பத்து ராணுவ வீரர்களில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள். அவர்களில் நால்வர் தமிழகத்தார். அத்தகைய இடத்தில் தண்ணீர் என்றாலே பனிக்கட்டியை உருக்கி எடுப்பதுதான், எரிபொருளோ அளவானது. அங்கே மஸ்அலா மாறும். வெந்நீருக்கு வழியில்லாமல், குளித்தால் தீங்கு நேரும் என்றிருந்தால், கடமையான குளிப்புக்குப் பதில் தயம்மும் செய்ய இரு மத்ஹபிலும் இடமுண்டு. ஷாபிஈ மத்ஹபின் வலுவான சொற்படி, குளிருக்காகத் தயம்மும் செய்து தொழுததைப் பிறகு களாச் செய்ய வேண்டும். ஹனபியில் களா இல்லை. சிறு தொடக்குக்கு, அதாவது ஒளுவுக்குப் பதிலாக, குளிரைக் காரணம் காட்டித் தயம்மும் செய்வதை ஹனபி உலமாக்கள் பொதுவாக ஏற்பதில்லை. முகம், கை கழுவுவதால் அத்தகைய ஆபத்து அரிது என்கிறார்கள்.

பனிக்கட்டியின் மீது தயம்மும் கூடாது. ஹனபியில் மண்ணின் இனமான கல்லும் போதும், தூசி ஒட்டாவிட்டாலும் சரி. நம் செஞ்சி மலைப் பாறையும் ஆகும். ஷாபிஈயில் புழுதியுள்ள மண்தான் வேண்டும். பனி மூடிய ஊரில் மண்ணைத் தேடுவது எளிதல்ல. போகும்போதே ஒரு சிறு பையில் சுத்தமான மண் எடுத்துப் போகலாம். சிரிக்க வேண்டாம், ஊறுகாய் ஜாடியை விடக் கனம் குறைவு. பனிக்கட்டியை உறுப்பின் மீது தேய்ப்பதும் கழுவியதாகாது; உருகி நீராக ஓட வேண்டும்.

காலுறை மஸ்ஹு

பனி நாட்டில் ஒளுவில் பெருஞ் சிரமம் கால் கழுவுவதே. இதற்குத்தான் மோஜா மீது மஸ்ஹு செய்யும் சலுகை. நம் ஊரில் தேவைப்படாததால் இச்சட்டத்தை மதரஸாவில் ஓதியதோடு விட்டுவிட்டோம்.

கால்களைக் கழுவி ஒளுவை முடித்தபின் மோஜாவை அணிய வேண்டும். அது கணுக்கால்களை மூட வேண்டும். அணிந்து நடக்கத் தக்கதாக இருக்க வேண்டும். ஊரில் தங்கியிருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும், பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும் தவணை. தவணை தொடங்குவது அணிந்த நேரத்திலிருந்து அல்ல, அணிந்தபின் முதன்முதலாக ஒளு முறிந்த நேரத்திலிருந்து. மேற்புறத்தில் மஸ்ஹு செய்ய வேண்டும். ஹனபியில் கைவிரல் மூன்றின் அளவாவது. ஷாபிஈயில் மஸ்ஹு என்று சொல்லத்தக்க சிறிதளவும் போதும். கிழிசல் விஷயத்தில் ஷாபிஈ கண்டிப்பு: கால் தெரிந்தால் கூடாது. ஹனபியில் மூன்று சிறு கால்விரல் அளவுக்குக் குறைவான கிழிசல் மன்னிக்கப்படும். மோஜாவைக் கழற்றினாலோ தவணை முடிந்தாலோ, ஒளு இருக்கும் நிலையில் கால்களை மட்டும் கழுவினால் போதும். கடமையான குளிப்பின்போது மஸ்ஹு செல்லாது. கழற்றித்தான் ஆக வேண்டும்.

கடையில் விற்கும் சாதாரண நூல் காலுறை, மெல்லிய கம்பளிக் காலுறை மீது மஸ்ஹு செய்யலாமா? நம் இரு மத்ஹபுகளின்படியும் கூடாது. கட்டாமலே காலில் நிற்கக் கூடிய, நீர் உள்ளே புகாத, அதை மட்டும் அணிந்து நெடுந்தூரம் நடக்கக் கூடிய கெட்டியான காலுறை என்றால் ஹனபியில் ஃபத்வா உண்டு. தோல் மோஜா வாங்கிக் கொண்டால் குழப்பமே இல்லை. கம்பளி வாங்கும் பணத்தில் அதையும் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

இங்கே இன்னொன்று. வெளிநாடு போனவர்கள் ஆண்டுக் கணக்கில் தங்களை முஸாபிர் என்று எண்ணிக் கொண்டு நான்கு ரக்அத்தை இரண்டாகத் தொழுவதைக் கேள்விப்படுகிறோம். ஓர் ஊரில் பதினைந்து நாள் தங்க நிய்யத்து வைத்தால் ஹனபியில் முகீம். ஷாபிஈயில் போன நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள். குடிபெயர்ந்தவருக்குக் கஸர் ஏது? குளிரை மட்டும் காரணம் காட்டி இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழவும் இரு மத்ஹபிலும் வழியில்லை. ஆனால் கடுங்குளிரும் காற்றும் உள்ள இரவில் ஜமாஅத்துக்கு வராமல் வீட்டிலேயே தொழலாம். அத்தகைய இரவில் இப்னு உமர் (ரலி) அவர்கள் பாங்கு சொல்லி, இருப்பிடங்களிலேயே தொழுது கொள்ளும்படி அறிவித்தார்கள். நபிகளாரும் அப்படிச் செய்ததுண்டு என்றார்கள்.

கம்பளிக் குல்லாயை நெற்றி மறையும்படி இழுத்து விட்டுக் கொண்டு ஸஜ்தாச் செய்தால் ஷாபிஈயில் ஸஜ்தாக் கூடாது. நெற்றி தரையில் படும்படி சற்று ஏற்றிக் கொள்ள வேண்டும். ஹனபியில் கூடும், மக்ரூஹ். கையுறையால் தொழுகை கெடாது.

அறையைச் சூடாக்கும் அடுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காஷ்மீரில் விறகோ மண்ணெண்ணெயோ எரிக்கும் அடுப்புக்குப் பெயர் ‘புகாரி’. (ஹதீஸ் கிதாபு என்று எண்ணிவிடாதீர்கள்!) பைரன் என்ற அங்கிக்குள் வைத்துக் கொள்ளும் தணல் சட்டி ‘காங்கிரி’. கதவு ஜன்னலை அடைத்த அறையில் இவற்றை எரியவிட்டுத் தூங்கினால், வாசனையே இல்லாத நச்சுவாயு நிறைந்து, தூங்கியவர் எழுவதே இல்லை. மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு தீப்பற்றியபோது, தூங்கும்முன் நெருப்பை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். புதிதாகப் போகிறவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்லி அனுப்புங்கள்.

பகல் சுருங்கும், இரவு சுருங்கும்

செஞ்சியில் டிசம்பர் மாதப் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். ஸ்ரீநகரில் பத்து மணிக்குச் சற்றுக் குறைவு. லண்டனில் எட்டு மணி நேரம்கூட இல்லை. அங்கே நான்கு மணிக்கு முன்பே மஃரிபு வந்துவிடும். லுஹர், அஸர், மஃரிபு மூன்றும் வேலை நேரத்துக்குள் விழும். இதை முன்கூட்டியே முதலாளியிடம் பேசி வைத்துக் கொள்வது நல்லது.

கோடையில் வேறு சிக்கல். லண்டனில் மே மாதக் கடைசி முதல் ஜூலை நடுப்பகுதி வரை அந்திவெளிச்சம் முற்றிலும் மறைவதே இல்லை. இஷா எப்போது? இது இன்றைய கேள்வியல்ல. 921-ல் பக்தாதிலிருந்து கலீபாவின் தூதராகப் புறப்பட்ட இப்னு பழ்லான் மறு ஆண்டு வோல்கா நதிக்கரையிலுள்ள பல்கார் நாட்டை அடைந்தார். வழியில் ஜுர்ஜானியாவில் குளித்துவிட்டு வீடு வருவதற்குள் தாடி ஒரே பனிக்கட்டியாகி, தீயருகே உருக்கினாராம். பல்காரில் ஒரு மாலை இஷாப் பாங்கை எதிர்பார்த்துப் பேசிக் கொண்டிருந்தார். பாங்கு கேட்டு வெளியே வந்தால் பொழுது விடிந்திருந்தது! சுபுஹு தவறிவிடுமோ என்ற அச்சத்தில் ஒரு மாதமாக இரவில் தூங்கவில்லை என்றாராம் முஅத்தின்.

இஷாவின் நேரமே வராத ஊரில் அது கடமையா என்று ஹனபி உலமாக்கள் விவாதித்தார்கள். கடமையில்லை என்றவர்களும் உண்டு. இமாம் இப்னுல் ஹுமாம் (ரஹ்) கடமையே என்றார்கள். காஸான் நகரத்து மர்ஜானீ 1870-ல் அதை நிலைநாட்டி ஒரு நூலே எழுதினார். தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஓராண்டு போல் நீளும்போது தொழுகைக்கு நேரத்தைக் கணித்துக் கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது; அதுவே இதற்கு வழிகாட்டி. ஷாபிஈயில் அருகிலுள்ள, நேரம் வரும் ஊரின் கணக்கு. நார்வேயின் ட்ராம்ஸோ நகரில் நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. கனடாவின் வடகோடியில் இனுவிக் என்ற ஊரிலும் ஏறத்தாழ ஒரு மாதம் அப்படி. 2010-ல் அவ்வூர் முஸ்லிம்களுக்காக வின்னிபெக் நகரில் ஒரு பள்ளிவாசலைக் கட்டி, லாரியிலும் ஆற்றுப் படகிலும் சுமார் 4,000 கிலோமீட்டர் கொண்டுபோய் நிறுத்தினார்கள்! நோன்புக்கு அவர்கள் எட்மன்டன் நகரத்தின் நேரத்தைப் பின்பற்றி வந்திருக்கிறார்கள். புதிதாகப் போகிறவர் தானாக ஒரு கணக்குப் போடாமல், அவ்வூர் ஜமாஅத்தின் அட்டவணையையே எடுத்துக் கொள்ளட்டும். ஓர் ஊரில் இரண்டு பெருநாள் வேண்டாம்.

பெண்மக்களுக்கு ஒரு செய்தி. மாதவிடாயிலும் பிரசவத்திலும் விடுபட்ட நோன்புகள் பலருக்குச் சேர்ந்து கிடக்கும். செஞ்சியில் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்க வேண்டிய நோன்பு, டிசம்பரில் லண்டனில் பத்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்; தாகமும் இராது. எத்தனை நோன்பு பாக்கி என்று ஊரிலேயே எண்ணி, ஒரு தாளில் எழுதி, பெட்டியில் வைத்துக் கொண்டு புறப்படட்டும்.