கரும்பு வெட்டும் தொழிலாளரின் உடல்நலம்: ஆராயும் முறை

மகாராஷ்டிர மாநிலத்தைச் சேர்ந்த பீட் ஜில்லா மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. பெரும்பாலும் மானாவாரிப் பயிரையே நம்பியுள்ள இந்த ஜில்லாவினின்றும் இதன் அண்டைப் பகுதிகளினின்றும், ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பல லட்சம் மக்கள் கரும்பு வெட்டுவதற்காகக் கோல்ஹாப்பூர், சாங்லி முதலிய ஜில்லாக்களுக்கும் கர்நாடகத்தின் பெலகாவிப் பகுதிக்கும் செல்கின்றனர். ஆலைகளில் அரவை முடிந்ததும், மார்ச் அல்லது ஏப்ரலில் ஊர் திரும்புகின்றனர். இவ்வாறு ஆண்டில் பாதியை ஓரிடத்திலும் பாதியை வேறிடத்திலும் கழிப்போரின் உடல்நலத்தை எங்ஙனம் ஆராய்வது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

முதலில் யாரை எண்ணுவது என்று தெளிதல் வேண்டும். இத்தொழிலில் ஆட்களைக் கணக்கிடும் அலகு 'கோய்தா' எனப்படும். இச்சொல்லின் நேர்ப்பொருள் அரிவாள். மொழிபெயர்ப்போர் 'அரிவாள்' என்று எழுதிவிட்டு மேலே செல்வதுண்டு. அதனால் பொருளில் பாதி மறைந்துவிடுகிறது. ஒரு கோய்தா என்பது கணவன், மனைவி இருவரும் சேர்ந்த ஓர் இணை. 'முகாதம்' எனப்படும் மேஸ்திரி பருவத் தொடக்கத்தில் முன்பணம் தருவதும், கூலி கணக்கிடுவதும் இணைக்கே. பணத்தைப் பெற்றுக்கொள்பவன் பெரும்பாலும் கணவனே. ஆகவே, மேஸ்திரியின் கணக்குப் புத்தகத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்டால், கரும்பைத் தோகை நீக்கிக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து லாரியில் ஏற்றும் பெண், தொழிலாளியாகவே ஏட்டில் தோன்றமாட்டாள். விசாரணைத் தாளில் அவளுக்கெனத் தனி வரிசை இருத்தல் அவசியம்.

இதன் முக்கியத்துவத்தை 2019-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று காட்டுகிறது. பீட் ஜில்லாவின் கரும்பு வெட்டும் பெண்களிடையே கருப்பையை அகற்றும் அறுவைச் சிகிச்சை மிகுந்து காணப்படுவதாகச் செய்தி வெளிவரவே, மாநில அரசு நீலம் கோர்ஹே தலைமையில் குழு ஒன்றை நியமித்தது. விசாரிக்கப்பட்ட 82,309 பெண்களில் 13,861 பேர் அச்சிகிச்சை செய்துகொண்டிருந்தனர். அதாவது, 100-க்கு ஏறத்தாழ 17 பேர். 2015-16-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் இவ்விகிதம் 3.2 மட்டுமே.

இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து உடனே முடிவு கூறிவிடலாகாது. இச்சிகிச்சை வயது ஏற ஏற மிகுவது. எனவே ஒத்த வயதினரையே ஒப்பிட வேண்டும். மேலும், அதே கிராமத்தில் வாழ்ந்து, அதே மருத்துவர்களிடம் செல்லும், ஆனால் கரும்பு வெட்டப் போகாத பெண்களின் விகிதத்தையும் அறிதல் வேண்டும். அவர்களிடையேயும் இவ்விகிதம் மிகுந்திருப்பின், அறுவை செய்வோரின் வழக்கத்தையே முதலில் ஆராயவேண்டும். போகிறவர்களிடையே மட்டும் மிகுந்திருப்பின் தொழிலின் நிலைமையை நோக்கவேண்டும். உண்மையில் இரண்டும் கலந்தே இருக்கக்கூடும். வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லாததோடு அபராதமும் உண்டு. குடிசையருகே குளிப்பறையோ கழிப்பிடமோ இராது. இந்நிலையில் மாதவிலக்கும் வெள்ளைப்படுதலும் பெருந்தொல்லையாகின்றன. புற்றுநோய் வரும் என்று அச்சுறுத்தும் மருத்துவரும் வாய்த்துவிட்டால், அறுவைக்கு இசைவது எளிதாகிவிடுகிறது.

ஆய்வு நடத்தும் இடமும் விடையை மாற்றிவிடும். வயலருகேயுள்ள குடிசைகளில் மட்டும் விசாரித்தால் நோய் குறைவாகவே தெரியும். முதுகு ஒடிந்தவரும், இளைத்துப்போனவரும் அவ்வாண்டு வந்திருக்கமாட்டார், ஊரிலேயே தங்கிவிட்டிருப்பர். ஊரில் மட்டும் விசாரித்தாலோ, வெட்டுக்காயமும், நள்ளிரவில் லாரி வந்ததும் எழுந்து சுமை ஏற்றிய களைப்பும் மறந்துபோயிருக்கும். ஆகவே அதே ஆட்களைப் புறப்படுமுன் ஒரு முறையும், பருவத்தின் நடுவில் ஒரு முறையும், திரும்பியபின் ஒரு முறையுமாகக் காணுதலே தக்கது. மத்திய அமெரிக்க நாடுகளில் கரும்பு வெட்டுவோருக்குச் சிறுநீரகம் கெடுவது கண்டறியப்பட்டபோது, அறுவடைக்கு முன்னும் பின்னும் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவைச் சோதித்து ஒப்பிடும் முறையே பெரிதும் பயன்பட்டது. ஒரே ஒரு சோதனை கொண்டு, கேடு பழையதா அப்பருவத்தில் நேர்ந்ததா என்று கூற இயலாது. வெப்பத்தை அளக்கும்போதும் நிழலில் தொங்கும் வெப்பமானி போதாது. காற்றின் ஈரத்தையும் வெயிலின் நேர்த்தாக்குதலையும் சேர்த்து அளத்தல் வேண்டும்.

விசாரிக்கும்போது மேஸ்திரி அருகில் இருத்தல் கூடாது. முன்பணக் கடன் தீராதவர் அவர் எதிரில் உண்மை பேசத் துணிவாரென எதிர்பார்ப்பது பேதைமை. பெண்களிடம் பெண் ஊழியரே பேசவேண்டும். விடையளிக்க மறுப்பதால் வேலைக்கோ சலுகைக்கோ இடையூறு வராது என்பதை முதலிலேயே கூறி, பெயரைத் தனித்தாளில் எழுதி, எண்ணால் மட்டும் குறிப்பிடுதல் வேண்டும். இரத்தம் எடுத்தால் சோதனை முடிவை அவர்களுக்கே தெரிவிக்கவேண்டும். பல ஆய்வுகளில் இது விடுபட்டுப்போகிறது.

ஆசிரியர்கள் இதில் பெருந்துணை புரியலாம். எந்தக் குடும்பம் எப்பொழுது புறப்பட்டது என்பதைப் பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் போல் தெளிவாகக் காட்டும் ஏடு வேறில்லை. அக்டோபருக்குப்பின் தொடர்ந்து வராத பிள்ளைகளின் பட்டியலைக் கிராமச் சுகாதாரச் செவிலியின் தடுப்பூசிப் பதிவேட்டுடன் ஒப்பிட்டால், எந்தக் குழந்தைக்கு எந்தத் தவணை தவறியது என்பதும் வெளிப்படும். நாட்களைக் கேட்கும்போது மாதத் தேதி கேட்பதைவிட, தசராவுக்கு முன்னா பின்னா, சங்கராந்தியின்போது எந்த ஊரில் தங்கியிருந்தீர்கள், குடிபாட்வாவுக்குள் திரும்பிவிட்டீர்களா என்று கேட்பது நலம். விடை தயக்கமின்றி வரும்.