புது லாரியுடன் ஒரு பயணம்

ஜாம்ஷெட்பூர் ஆலையில் உருவாகும் புதிய லாரிகள் பலவற்றை ஓட்டுநர்கள் சாலைவழியே பிற மாநிலங்களுக்கு ஓட்டிச் சென்று ஒப்படைக்கின்றனர். இத்தொழிலைத் தொடங்குவோருக்கு 20 வயது நிறைந்திருத்தலும் கனரக வாகன உரிமமும் இன்றியமையாதவை. புறப்படுமுன் வண்டியின் கீறல்களையும் மாற்றுச் சக்கரத்தையும் ஆவணங்களையும் சரிபார்த்துக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். குறிக்காத கீறலுக்கு ஓட்டுநரே பொறுப்பேற்க நேரும்.

வண்டியை ஒப்படைத்தபின் அவர் ரயிலிலோ பேருந்திலோ ஊர் திரும்புகிறார். ஆகவே, கூலி பேசும்பொழுதே திரும்பும் செலவையும் நாள்களையும் கணக்கிடுதல் நன்று. இல்லையேல், ஈட்டிய பொருள் வழியிலேயே கரைந்துவிடும். சொந்த வண்டி வேண்டாத இத்தொழிலுக்கு நாணயமும் கணக்குமே முதலீடு.

பயிற்சி
1. ஓட்டுநர் கீறல்களை முன்னரே குறித்துக்கொள்வது ஏன்?
2. கூலி பேசும்பொழுது எவற்றைக் கணக்கிட வேண்டும்?