பழி சென்சார் மேல்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பருப்பு வாங்கப் போனாலும் ராக்கெட், சென்சார் பேச்சு காதில் விழும். பேச்சில் பாதி உண்மை, மீதி நம்பிக்கை.

முதலாவது, கார் பற்றியது: 'பம்பரில் இடித்தால்தான் ஏர்பேக் விரியும்.' அப்படியில்லை. முன்சீட்டுகளுக்கு நடுவே புதைந்திருக்கும் பெட்டியில், மிளகளவு சிலிக்கான் சில்லில் சீப்பு மாதிரி பற்களைச் செதுக்கியிருப்பார்கள்; இதுதான் முடுக்கமானி. வேகம் சட்டென விழும்போது பற்கள் துளி நகரும், மின்தேக்கம் மாறும். குழியில் கார் குதித்தாலும் நகரத்தான் செய்யும். குழியா, மோதலா என்று கண்ணிமைப்பதற்குள் முடிவெடுப்பது மென்பொருள்.

'கைப்பேசியில் இருக்கிற கைரோவை ராக்கெட்டில் வைத்தால் செலவு மிச்சமே!' கைரோ என்பது திரும்புதலை அளக்கும் சென்சார்; கைப்பேசி கைரோவில் பம்பரம் ஏதும் சுழல்வதில்லை. நுண்ணிய சிலிக்கான் துண்டு அதிர்கிறது, அவ்வளவுதான். அது மணிக்குப் பல பாகை தடம் மாறலாம். போனுக்கு அது போதும், சுற்றுப்பாதைக்குப் போதாது. வட்டியூர்க்காவில் இஸ்ரோவின் நிலைம அமைப்புப் பிரிவு லேசர் கைரோ செய்வது அதனால்தான்.

எனக்கு எரிச்சலூட்டுவது மூன்றாவது: '2022-இல் எஸ்எஸ்எல்வி கெட்டது சென்சார் பழுதால்.' இஸ்ரோவின் அந்தச் சிறு ராக்கெட் உருவானது இதே ஊர் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில். ஆகஸ்ட் 7 காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அதில் இருந்த இரண்டு செயற்கைக்கோள்களில் ஒன்று, மதுரைப் பக்கத்துத் திருமங்கலம் மாணவிகளும் பங்கெடுத்த ஆசாதிசாட். இரண்டாம் கட்டம் கழன்றபோது வந்த அதிர்வில் முடுக்கமானிகள் சற்று நேரம் அளவு மீறித் திணறின. எல்லாவற்றையும் உலுக்கியது ஒரே அதிர்வு. இப்படி நேரும்போது மாற்றுக்கு எத்தனை வைத்தும் பயனில்லை. பழுது கண்டறியும் நிரல் அவசரப்பட்டது: 'இவை கெட்டுவிட்டன' என்று தள்ளிவிட்டு, மாற்று வழிக்குத் தாவியது. கடைசி வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு போலக் குறைந்தது. 356 கிலோமீட்டர் வட்டப்பாதை, 356-க்கு 76 என்று நீள்வட்டமாயிற்று. 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது. இரண்டு செயற்கைக்கோள்களும் நிலைக்கவில்லை.

பிறகு, கழலும் பொறியமைப்பை மாற்றினார்கள். பழுதென்று முத்திரை குத்தும் தர்க்கத்தையும் திருத்தினார்கள். 2023 பிப்ரவரி 10-இல் அடுத்த எஸ்எஸ்எல்வி 450 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று செயற்கைக்கோள்களை விட்டது. அதில் ஒன்று ஆசாதிசாட்-2.