ஆப்ஷன் ஸ்ப்ரெட்: மாற்றும் முன் எக்ஸெலில் ஒரு கணக்கு

ஆப்ஷன் வர்த்தகம் செய்பவர்களில் பலர் "ஸ்ப்ரெட் போட்டால் நஷ்டம் ஓர் எல்லைக்குள் நின்றுவிடும்" என்று நம்புகிறார்கள். இது உண்மைதான். ஆனால் மார்க்கெட் எதிராகத் திரும்பியதும் அவசரத்தில் செய்யும் அட்ஜஸ்ட்மென்ட் அந்த எல்லையையே தள்ளி வைத்துவிடும். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் பங்கு பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்தனர். எனவே மவுஸைத் தொடும் முன் கணக்குப் போட வேண்டும். இதற்கு எக்ஸெல் போதும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் செய்யலாம்.

நிப்டி 25,000 அருகே உள்ளது, ஏறும் என்று நினைக்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். 25,000 கால் ஆப்ஷனை 200 ரூபாய்க்கு வாங்கி, அதே எக்ஸ்பயரியில் 25,200 காலை 110 ரூபாய்க்கு விற்கிறீர்கள். இதற்கு புல் கால் ஸ்ப்ரெட் என்று பெயர். (விலைகள் எல்லாம் உதாரணத்திற்கு மட்டுமே.)

புதிய ஒர்க் ஷீட்டைத் திறந்து, ஏ வரிசையில் தலைப்புகளையும் பி வரிசையில் எண்களையும் அமைக்கவும். செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்யவும்.

பி1: வாங்கிய ஸ்ட்ரைக், 25000
பி2: கொடுத்த பிரீமியம், 200
பி3: விற்ற ஸ்ட்ரைக், 25200
பி4: பெற்ற பிரீமியம், 110
பி5: லாட் அளவு, 65 (எக்ஸ்சேஞ்ச் இதை அவ்வப்போது மாற்றும், சரிபார்த்து இடவும்)
பி6: அதிகபட்ச நஷ்டம், =(பி2-பி4)*பி5
பி7: அதிகபட்ச லாபம், =(பி3-பி1-பி2+பி4)*பி5
பி8: லாபநஷ்டமில்லா நிலை, =பி1+பி2-பி4

விடைகள் முறையே 5,850 ரூபாய், 7,150 ரூபாய், 25,090 என்று வரும். புரோக்கரேஜ், வரி தனி.

இப்போது நிப்டி 24,800க்கு இறங்கிவிட்டது. 25,000 கால் 80, 25,100 கால் 50, 25,200 கால் 30 ரூபாயில் உள்ளன. பி1 முதல் பி8 வரை செலக்ட் செய்து, காப்பி செய்து, சி1 செல்லில் பேஸ்ட் செய்யவும். பார்முலாக்கள் தாமாகவே சி வரிசைக்கு மாறிக்கொள்ளும். இந்த வரிசையில் ஒவ்வொரு வழியாகச் சோதிப்போம்.

முதல் வழி: விற்ற காலை 30 ரூபாய்க்குத் திரும்ப வாங்கி, வாங்கிய காலை மட்டும் வைத்திருப்பது. சி4ல் =110-30 என்று இடவும். அதிகபட்ச நஷ்டம் 7,800 ஆகிவிடும். (இதில் லாபத்திற்கு உச்சவரம்பு இல்லை, சி7ஐ விட்டுவிடவும்.)

இரண்டாம் வழி: விற்ற ஸ்ட்ரைக்கைக் கீழே இறக்குவது. 25,200 காலை 30க்கு வாங்கி, 25,100 காலை 50க்கு விற்க வேண்டும். சி3ல் 25100, சி4ல் =110-30+50 என்று இடவும். நஷ்டம் 4,550 ஆகக் குறையும். ஆனால் லாபமும் 1,950 ஆகச் சுருங்கிவிடும்.

மூன்றாம் வழி: இன்றைய விலையில் இன்னொரு லாட் ஸ்ப்ரெட் போட்டு "ஆவரேஜ்" செய்வது. இதற்கு மேலும் 50 ரூபாய் செலவு. மொத்த நஷ்ட எல்லை 140 ஐ 65ஆல் பெருக்க 9,100 ரூபாய்.

நான்காம் வழி: வெளியேறுவது. 90க்குப் போட்ட ஸ்ப்ரெட் இப்போது 50 பெறும். நஷ்டம் 2,600 ரூபாயோடு முடிந்தது.

நான்கையும் அருகருகே பார்த்தால் விஷயம் புரியும். முதலும் மூன்றும் அட்ஜஸ்ட்மென்ட் அல்ல. கூடுதல் பணத்தைப் பணயம் வைக்கும் புதிய வர்த்தகம். எனவே இந்த விதிகளை ஷீட்டின் மேலேயே எழுதி வைக்கவும்.

1. ஆறாம் வரியில் உள்ள நஷ்டத்தைக் கூட்டும் எந்த மாற்றத்தையும் செய்யக் கூடாது.

2. குறைக்கும் மாற்றத்தையும், வெளியேறினால் வரும் நஷ்டத்தோடு ஒப்பிடவும். இங்கே 2,600 ரூபாயோடு முடிவதா, நிப்டி 270 புள்ளிகள் ஏறி 25,070ஐத் தொட்டால்தான் நஷ்டம் தீரும் நிலையில் 4,550ஐப் பணயம் வைப்பதா என்பதுதான் கேள்வி.

3. வெளியேறும்போது விற்ற காலை முதலில் திரும்ப வாங்கவும். பிறகு வாங்கியதை விற்கவும். வரிசை மாறினால் பாதுகாப்பில்லாத விற்பனை மட்டும் மிஞ்சும். மார்ஜின் எகிறும், நஷ்டத்திற்கும் எல்லை இருக்காது.

4. நிப்டி ஆப்ஷன் பணமாகத் தீர்க்கப்படும். தனிப் பங்கு ஆப்ஷன்கள் 2019 அக்டோபர் முதல் பங்கு டெலிவரியாகவே தீர்க்கப்படுகின்றன. எக்ஸ்பயரிக்கு முன்பே அவற்றை முடித்துவிடவும்.

5. ஒவ்வொரு மாற்றத்திற்கும் கூடுதல் ஆர்டர்கள் தேவை. அவற்றின் கட்டணத்தையும் நஷ்டத்தோடு கூட்டவும்.

பைலை சேவ் செய்து, பணம் போடாமல் ஒரு மாதம் நாள்தோறும் விலைகளை இட்டுப் பழகுங்கள். ஷீட்டில் ஏற்படும் நஷ்டத்தை டெலீட் செய்துவிடலாம். கணக்கில் ஏற்படும் நஷ்டத்தை அப்படிச் செய்ய முடியாது.