கடவுச்சொல்லின் வலிமை

பத்தாயத்துக்குப் பூட்டும் சாவியும் இன்றியமையாதவை என்பதை நம் கிராம மக்கள் நன்கறிவர். இன்று ஊராட்சியின் கணக்கும், மகளிர் குழுவின் சேமிப்பும், விவசாயியின் வங்கி இருப்பும் கணினியிலும் கைபேசியிலும் அடங்கியுள்ளன. இவற்றின் சாவியே கடவுச்சொல்.

சில மாதங்களுக்கு முன் ஓர் ஊராட்சி அலுவலகத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். கணினியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் ஊரின் பெயரும் 123 என்ற எண்ணும் காணப்பட்டன. அதுவே கடவுச்சொல், மின்னஞ்சலுக்கும் அதுவே. "மறந்துவிடுகிறது ஐயா" என்றார் செயலர். அவர் கூறியதில் நியாயம் உண்டு. மறவாத வண்ணம் அமைக்கும் வழியை நாங்கள் அவருக்குக் கற்பிக்கவில்லை.

வலிமை என்பது கணக்கினால் விளங்கும். நான்கு இலக்க எண்கள் மொத்தம் 10,000 மட்டுமே. எட்டு ஆங்கிலச் சிற்றெழுத்துக்களை ஏறத்தாழ 20,882 கோடி வகைகளில் அமைக்கலாம். எனினும் திருடன் கையினால் சோதிப்பதில்லை. களவாடிய கோப்பின்மீது வேகமான கணினிகளை ஏவுகிறான். அவற்றுக்கு இத்தொகை பெரிதன்று. எழுத்துக்கள் பன்னிரண்டாயின், அவன் வேலை மேலும் 4,56,976 மடங்காகிறது. ஆகவே நீளமே முதற் காவல்.

ஆனால் நீளம் மட்டும் போதாது. ஊர்ப் பெயர், பிள்ளைகளின் பெயர், பிறந்த ஆண்டு ஆகியவற்றையே திருடன் முதலில் சோதிப்பான். எழுத்துக்குப் பதிலாகக் குறியிடும் தந்திரமும் அவன் அறிந்ததே.

இதற்கு எளிய வழி உண்டு. அகராதியைக் கண்மூடித் திறந்து, விரல் பட்ட ஐந்து சொற்களை எடுத்துக் கொள்க. கலப்பை, மின்னல், ஊறுகாய், படிக்கட்டு, கம்பளி என அமைந்தால், அவற்றை ஆங்கில எழுத்துக்களில் தொடர்ந்து எழுதுக. படமாக மனத்தில் நிற்கும். அச்சில் வந்துவிட்டமையால் இவ்வைந்தையும் எவரும் பயன்படுத்தலாகாது.

மேலும் நினைவிற் கொள்ள வேண்டியவை:

1. ஒவ்வொரு கணக்குக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும். ஓரிடத்தில் களவு போனது பிற இடங்களையும் திறத்தலாகாது.

2. நினைவில் நில்லாவிடில், நோட்டில் எழுதிப் பெட்டியில் பூட்டி வைப்பது தவறன்று. சுவரில் ஒட்டுவதே தவறு.

3. வெளியானதாக ஐயம் எழுந்தால் உடனே மாற்றுக. காரணமின்றி அடிக்கடி மாற்றச் செய்தல் வேண்டாமென அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமே 2017-இல் அறிவுறுத்தியது. மாற்றுவோர் இறுதி எண்ணை மட்டுமே மாற்றுகின்றனர்.

4. கைபேசிப் பணப் பரிமாற்றத்தின் இரகசிய எண் குறுகியது. அதன் காவல் மௌனமே. பணம் பெறுவதற்கு அவ்வெண் தேவையில்லை, கேட்பவன் மோசக்காரன். பணம் பறிபோனால் தாமதியாது 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

அண்மையில் அவ்வூராட்சிக்கு மீண்டும் சென்றேன். சீட்டைக் காணோம். புதிய கடவுச்சொல் யாது என்று வினவினேன். "மன்னிக்க வேண்டும் ஐயா, தங்களுக்கும் சொல்வதற்கில்லை" என்றார் செயலர். பாடம் நன்கு பதிந்துள்ளது என்று மகிழ்ந்தேன்.